மூன்றாவது வரிசை

நாரின் மருத்துவமனைக்குக் குளிர்கால ஆக்சிஜன்.
மூன்று விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன.
பிஷ்கெக்காரர் கன மீட்டருக்கு விலை சொல்கிறார்,
ஓஷ்காரர் சிலிண்டருக்கு.
பாலிக்ச்சியிலிருந்து வந்தது கையெழுத்தில்:
"ஒரு வண்டிக்கு இவ்வளவு."
அதிலும் ஒரு பூஜ்யத்தை அடித்து மேலே திருத்தியிருக்கிறார்கள்.

மூன்றையும் ஒரே அளவையில் கொண்டுவரவே
செவ்வாய் முழுதும் போயிற்று.
பிறகு ஆளுக்கொரு அட்டவணை கேட்டார்கள்.
கணக்கர் தாலாய்க்கு விலை இடப்பக்கம் வேண்டும்,
வரி தனியே, வரி சேர்த்துத் தனியே,
கடைசியில் ஒரே ஒரு எண்.
கிடங்கு சுயுன்பெக்குக்கு வால்வின் மரை அளவு.
"பொருந்தாத சிலிண்டர் வெறும் இரும்பு" என்பான்.
சட்டப் பிரிவுக்கு முத்திரை, தேதி, முத்திரையின் தேதி.
தகவல் அதேதான். பத்தியை நகர்த்துகிறேன்,
அகலம் குறைக்கிறேன், மறைக்கிறேன்.
மறைத்தது அழிவதில்லை என்று எனக்குத் தெரியும்.
பார்ப்பவருக்குத் தெரியாது.

விலைக்கு அறுபது மதிப்பெண் வைத்தால் ஓஷ் வெல்கிறது.
ஐம்பத்தைந்து வைத்தால் பிஷ்கெக்.
அந்த ஐந்துக்கு நடுவே என் சுட்டுவிரல்.
தேநீர் ஆறிப்போனது.

செவிலி ஊல்கன் வந்தாள், காலணியில் பனியோடு.
திரையை எட்டிப் பார்த்தாள்.
"போன ஜனவரியில் யார் வந்தார்கள்,
அது எந்தப் பத்தியில் இருக்கிறது?"
இல்லை.
"எழுது" என்றாள். உட்காரவில்லை.

எழுதினேன். கிடங்கின் வரவுப் பதிவேடு,
வாயிற்காவலரின் நோட்டு, ஓட்டுநர்களோடு தொலைபேசி.
டோலோன் கணவாய் மூடி மூடித் திறந்த வாரங்களில்
ஓஷ்: பூஜ்யம்.
பிஷ்கெக்: இரண்டு. மூன்றாவது பாதிவழியில் திரும்பியது.
பாலிக்ச்சி: ஏழு.
ஏழாவது முறை ஓட்டுநர் எசென்தூர்
வண்டியிலேயே இரண்டு இரவு தூங்கி
முப்பத்தொரு சிலிண்டரோடு வந்து சேர்ந்தார்.
"ஒன்று காலி. வழியில் கசிந்துவிட்டது.
அதற்குக் காசு போடாதீர்கள்" என்று
யாரும் கேட்கும் முன்பே சொன்னாராம்.

இதை எங்கே போடுவது?
ஏழு, கட்டத்துக்குள் உட்காருகிறது.
கேட்கும் முன் சொன்னது உட்கார மறுக்கிறது.
அளக்க முடியாததற்கு மதிப்பெண் இல்லை என்கிறது விதி.
சரி, ஏழு மட்டும்.
மற்றதைக் கட்டத்தின் மூலையில் குறிப்பாக ஒட்டினேன்,
சுட்டி மேலே நின்றால் மட்டும் விரியும் மஞ்சள் துண்டு.

ஏழுக்குப் பச்சை, இரண்டுக்கு ஆரஞ்சு, பூஜ்யத்துக்குச் சிவப்பு.
அழகாகத்தான் இருந்தது.
இயக்குநர் திரையில் பார்ப்பதில்லை, தாளில் கேட்டார்.
அச்சு இயந்திரத்தில் கறுப்பு மை மட்டும்.
மூன்று நிறமும் ஒரே சாம்பலாய்
வெளியே வந்தன, சூடாக.
மஞ்சள் துண்டு வரவே இல்லை.

தாளைக் கிழித்தேன். நிறத்தையெல்லாம் எடுத்தேன்.
விலைப்படி நின்றவர்களைக் குளிர்காலப்படி நிறுத்தினேன்.
எண் ஒன்றையும் தொடவில்லை, தாலாய், நீயே சரிபார்.
மூன்றாவது வரிசை முதலாவதாயிற்று,
அவ்வளவுதான்.
முதல் வரிக்குக் கீழே இயக்குநர் படிப்பதில்லை,
அது எனக்குத் தெரியும்,
தெரியும் என்பது எந்தப் பத்தியிலும் இல்லை.

கையெழுத்துக்குப் போயிருக்கிறது.
டோலோனில் இன்று காலை
மூன்று விரற்கடைப் பனி.