பூட்டிய அறை

பிஸ்கட் பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டினேன்.
நாலு விரல் உயரம் மட்டும் விட்டேன்,
குட்டிகள் உருண்டு வெளியே விழாமலிருக்க.
உள்ளே அவருடைய பழைய சாரம்.
"எனக்கு இப்பிடி ஒருநாளும் விரிச்சதில்லை" என்றார்,
சூடை மீனுக்கு முள்ளெடுத்தபடி.

வயிறு தரையில் உரச வந்தாள் கறுப்பி.
மணந்தாள்.
மட்டிக்களி முழுவதும் தன் பேரில் எழுதியிருப்பதுபோல
திரும்பிப் போனாள்.

இரவு கறண்ட் இல்லை, வாடைமழை.
வீட்டுக்காரி பூட்டிவிட்டுப் போன அறைக்குள்
துணி கிழிவதுபோல் மெல்லிய குரல்கள்.
ஓட்டு இடைவெளியால் இறங்கியிருக்கிறாள்.
கதவில் காதை வைத்து எண்ணினோம்.
அவர் மூன்று என்றார். எனக்கு நாலு.

ரொறன்ரோவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன்.
அங்கே மத்தியானம்.
ஒன்பது வருசமாய் வாடகையைத் தவிர
ஒன்றும் பேசாத மனுசி
நீளமாய்க் குரல் அனுப்பினா:
"திறப்பை எங்க விட்டனெண்டு தெரியாது பிள்ளை.
பூட்டை உடையுங்கோ.
அது நான் பிறந்த கட்டில்.
மெத்தை பழுதாப்போனாப் போகட்டும்,
தூக்கிப் பெட்டிக்க போடாதேங்கோ."

சுத்தியலோடு நிற்கிறார்.
இன்னும் அடிக்கவில்லை.
உள்ளே
நாக்குச் சத்தம்.