மயிர்க்கால்

நாற்பது வாட் பல்பு மூன்று நாளாக எரிகிறது
புனலுக்கு மேல்.
நாகலூரில் சில்வர் ஓக் அடியில் அள்ளிய சருகு
மேலிருந்து காய்ந்துகொண்டு வர,
உள்ளே இருப்பவை ஈரம் தேடி
இறங்கி இறங்கி
சல்லடைக் கண்ணில் தவறிச்
சாராயத்தில் விழுகின்றன.
பல்பைப் போட்டது மட்டும்தான் நான்.
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

படிவத்தில் ‘சிலந்திப்பேன்’ என்று எழுதச் சொல்கிறார்கள்.
சிலந்தியும் இல்லை, பேனும் இல்லை.
உண்ணி என்றாலோ மாட்டின் காதுமடல்தான் ஞாபகம் வருகிறது.
இரவல் சட்டை எல்லாமே தொளதொள.
தமிழ் சொந்தமாகப் பெயர் வைத்தது ஒருத்திக்கு:
முதல் மழைக்கு மலையடிவாரச் செம்மண்ணில்
பட்டுத்துணிக் கிழிசல்போல் நடந்து போவாள்.
மூதாய் என்கிறது அகராதி.
அவள் கண்ணில் பட்டாள், பெயர் கிடைத்தது.
மற்றவர்கள்
அரை மில்லிமீட்டரில் காத்திருக்கிறார்கள்.

கால் எண்ணு. முதல் கேள்வி அதுதான்.
நான்கே கால் என்றால்
தேங்காய்க் குரும்பையின் தொப்பிக்குள் ஒளியும்
புழு மாதிரி வம்சம்.
ஆறு என்றால் அவசரப்பட்டுப் பூச்சி என்று எழுதிவிடாதே,
குஞ்சாக இருக்கும்.
கடைசிச் சோடி தோலுரித்த பிறகுதான் முளைக்கும்.
எட்டு என்றால் அடுத்த கேள்வி:
மூச்சு எங்கே விடுகிறது?
காலோரமா, வாயருகிலா?
இரண்டு இடத்திலும் துளை காணோம் என்றால்
மறைத்து விடுகிற கூட்டம்.
பழுப்பு ஓடு, வண்டின் சாயல்,
தோளில் இரண்டு கிண்ணம்,
கிண்ணத்துக்கு ஒன்றாய்க் கதிர்.
கதிரின் நுனி கதாயுதமா, சீப்பா, வெறும் நூலா
என்று பார்த்துக்கொண்டே
மதியச் சோறு ஆறிவிடும்.

கால் முடிந்தால் மயிர்க்கால்.
“அங்கே என்னதான் வேலை உனக்கு?” என்று
அம்மாபேட்டையில் அண்ணி கேட்டாள்.
ஆராய்ச்சி என்றேன்.
மயிர் எண்ணுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

முப்பத்தோராம் மாதிரி.
முதுகில் ஒன்பது சோடி.
பத்துச் சோடி இருந்தால் பழைய இனம்,
ஒன்பது என்றால்
சம்பூர்ணம் மேடம் போன மாதம் வெளியிட்ட புது இனம்.
அதன் முதல் பதினொரு ஸ்லைடும் என் கையால் செய்தவை.
கட்டுரையின் கடைசி வரியில்
நன்றி என்று என் பெயரும் இருக்கிறது,
ஓர் எழுத்துப் பிழையோடு.

மூட்டை இறக்க வந்த சடையப்பன்
“நானும் ஒருவாட்டி பாக்கட்டுங்களா” என்று
கண்ணை வைத்தான்.
“எருமை மாதிரி இருக்குதுங்க.
இது காப்பிச் செடிய என்ன பண்ணும்?”
ஒன்றும் பண்ணாது. சருகைத் தின்று மண்ணாக்கும்.
“அப்புறம் எதுக்குங்க இத்தனை கணக்கு?”
பதில் சொல்லாமல் மயிர் விவகாரத்தை விளக்கினேன்.
விழுந்து விழுந்து சிரித்தான்.
“ஒரு மயிரு கொட்டிட்டா
வேற சாதி ஆயிடுமாக்கும்?”

ஆகாது, கொட்டினாலும் குழி இருக்கும்
என்று வாய் சொல்லி முடிப்பதற்குள்
கை எண்ணெய்ப் புட்டியைத் தேடியது.

ஒரு சொட்டு. நூறு மடங்கு லென்ஸ்.
நுண்திருகை ஒரு நூலளவு, இன்னும் அரை நூலளவு.
ஓட்டின் பின்விளிம்பில், மடிப்பின் நிழலில்
தண்ணீர் வற்றிய கிணறு மாதிரி
ஒரு வளையம்.
இடப்பக்கமும் அதே வளையம்.
குழியும் கணக்கில் சேரும்.
பத்து.

ஜன்னலில் பனி ஏறியிருந்தது.
பழைய பெட்டியைத் திறந்து
பதினொன்றையும் பார்த்தேன்.
ஊசியால் புரட்டும்போது
நானே உதிர்த்திருக்கலாம், வேறு யார் தொட்டார்கள்.
லேபிள்கள் என் கையெழுத்தில் குண்டு குண்டாய்,
ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

சிக்னலுக்காகக் கொட்டகைக்கு வெளியே போய்
பலா மரத்தடியில் நின்று பேசினேன்.
“எத்தனை ஸ்லைடு பாத்தே?”
எல்லாமும் மேடம்.
“ரெண்டு பக்கமுமா?”
ரெண்டு பக்கமும்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
போனைக் காதோடு அழுத்தினேன்.
மூச்சு விடுகிற சத்தம்கூட
எங்கிருந்தும் வரவில்லை.