எஃப் பதினொன்று

'அடுத்து' பொத்தானைக் காணோம் என்றார் ஐனார்ஸ்.

பணிமனை மடிக்கணினிக்குத் திரை சிறிது.
பாடத்தை வரைந்தவர்கள் எங்கோ
அகலமான மேசைகளில் இருக்கிறார்கள்.
மேலே முகவரிப் பட்டை,
அதன் கீழே போன வருடம் யாரோ சேமித்துவைத்த
குளிர்கால டயர் விலைகள்,
அடியில் கடிகாரம், மின்கலம்,
சிவப்புப் புள்ளியோடு ஒரு மின்னஞ்சல்.
இத்தனைக்கும் நடுவில் முழங்கை இடித்துக்கொண்டு நின்றது
'ஓட்டுநர்களுக்கு: களைப்பும் பாதுகாப்பும்.'
பொத்தான் மட்டும் விளிம்புக்குக் கீழே,
படியில் கால்வைக்க இடமில்லாமல்
நிறுத்தத்திலேயே விடப்பட்ட ஆள் மாதிரி.

நான் விஸ்மா. பயணச்சீட்டுக் கணக்கு என் வேலை.
கணினி தெரிந்தவள் என்று யாரோ கிளப்பிவிட்டதால்
இதுவும்.
எஃப் பதினொன்றை அழுத்தினேன், சத்தம் கூடியது.
இந்த இயந்திரத்துக்கு இடதுமூலை விசையையும்
சேர்த்துப் பிடிக்க வேண்டும்,
முரட்டுக் கதவைத் தூக்கித் தள்ளுவதுபோல.

பிடித்தேன். டயர்கள் மேலே போய்விட்டன.
கடிகாரம் முங்கிற்று.
பொத்தான் வந்தது, நீலமாய், ஒன்றும் நடவாததுபோல.

"மணி எங்கே?"
முழுத்திரையில் மணி கிடையாது.
"அப்படியானால் தாமதமும் கிடையாது" என்றார்
முப்பத்தொரு வருடம் நிமிடத்துக்குப் பதில் சொன்னவர்.
இரவெல்லாம் ரீகாவிலிருந்து ஓட்டி வந்திருந்தார்,
டௌகவா ஆறு ஓரங்களில் மட்டும் உறைந்திருக்கும்
மார்ச் மாத இருட்டில்.

ஒரு நிபந்தனை சிவப்பெழுத்தில்:
திரையைவிட்டு வெளியேறினால்
பாடம் முதலிலிருந்து.

இரண்டாம் பக்கத்தில் ஒரு குரல், பெண்குரல்,
மாத்திரை கொடுப்பவளின் கனிவோடு:
இமை மெதுவாக மூடுவது முதல் அறிகுறி.
ஐந்தாம் பக்கத்தில்
அகலக் கண் திறந்த ஓட்டுநரின் படம்.
ஆறாம் பக்கத்துக்கு ஐனார்ஸ் வரவில்லை.
தாடை மேற்சட்டைக் கழுத்துக்குள் இறங்கியிருந்தது.
சட்டையின் ஒளிப்பட்டைகள்
மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின.

பாடம் காத்திருந்தது.
கடிகாரத்தை விழுங்கத் தெரிந்த அதற்கு
எதிரில் இருப்பவரைப் பார்க்கக் கண் இல்லை.
இன்னும் எட்டுப்பேர் வர வேண்டும்.
எட்டிக் கைநீட்டி நான் அழுத்தினேன். அடுத்து.
அடுத்து.

நான்காம் கேள்வி:
வழியில் களைப்பை உணர்ந்தால்
முதலில் செய்ய வேண்டியது எது?
காப்பி. திறந்த சன்னல். உரத்த வானொலி.
வண்டியை ஓரம்கட்டித் தூங்குவது.
அவரைப் பார்த்தேன்.
விடை சொல்லியாகிவிட்டது.
எழுத்தர் வேலையை மட்டும் நான் செய்தேன்.

ஏழாம் கேள்வி, வார ஓய்வு மணிக்கணக்கு,
அதில் நான் தப்பு.
என்னால் அவருக்குத் தொண்ணூறு.
சான்றிதழில் அவர் பெயரின் நெடில் எழுத்துக்குப் பதில்
ஒரு காலிச் சதுரம்.

வாசலில் லியொனீத் பூட்ஸின் பனியை உதறினான்.
உதட்டில் விரல் வைத்தேன்.
பிறகு இடதுமூலை விசை, எஃப் பதினொன்று.
டயர்கள் திரும்பிவந்தன. மணி ஏழு ஐம்பத்திரண்டு.
சிவப்புப் புள்ளி அங்கேயே இருந்தது,
ஆறு பத்துக்கு வந்த கடிதம்:
இரவுப்பணி முடித்தவர்களை
இன்று பயிற்சிக்கு உட்காரவைக்க வேண்டாம்.

மின்கலம் நான்கு சதவீதம்.
மின்கம்பி ஐனார்ஸின் காலடியில் கிடந்தது,
இடது பூட்ஸின் குதி அதன்மேல்.
இழுக்கலாம்.

லியொனீத் என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான்,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
ரேடியேட்டர் பக்கம் போய் நின்றான்.
மூன்று.