சும்மா இருந்த நேரம்

மூன்று வாரம் நைட் டியூட்டியில்
எங்களோடு விழித்திருந்தார் புள்ளியியல் பூவராகன்.
கையில் ஸ்டாப் வாட்ச், மடியில் கட்டம் போட்ட தாள்.
ஊசிக்கு நாலு நிமிடம்.
டிரிப் மாற்ற ஆறு.
முதுகில் புண் வந்தவரைப் புரட்டிப் படுக்க வைக்க
இரண்டு பேர், ஒன்பது நிமிடம்.
கோமளா ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்ததை
எந்தக் கட்டத்தில் எழுதினாரோ.

நாற்பது கட்டில், தரையில் பாய் பதினொன்று,
நர்ஸ் மூன்று பேர்.
இதை வகுக்க எனக்கு எம்.எஸ்ஸி. வேண்டாம்.

மீட்டிங்கில் ஆபீசர் அந்தத் தாளைத் தட்டினார்:
"விடியற்காலை மூணு மணிக்கு மேல
மணிக்குப் பதினோரு நிமிஷம் சும்மா உக்காந்திருக்காங்களே,
ஒருத்தரைக் குறைச்சா என்ன?"

பூவராகன் எழுந்து பலகையில் ஒரு கோடு இழுத்தார்.
எண்பது வரை படுத்தே கிடந்தது கோடு.
தொண்ணூறில் முட்டி போட்டு எழுந்தது.
தொண்ணூற்றைந்து தாண்டியதும்
ஃபேனைப் பிடிக்கப் போவதுபோல் ஏறிற்று.
"நூத்துக்கு நூறு வேலை வாங்கினா
வரிசை முடியவே முடியாது சார்.
நான் சொல்லல, தேற்றம் சொல்லுது."

பத்தொன்பது வருடமாக என் கணுக்கால் சொன்னதைத்தான்
அந்தக் கோடும் சொன்னது.
கோட்டை யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் அவரும் ஒரு தப்பு செய்திருந்தார்.
நோயாளிகள் மழைத்துளி மாதிரி
ஒருவரை ஒருவர் அறியாமல் வருகிறார்களாம்.
"சார், கொருக்குப்பேட்டையில கேட் போட்டா
ஒரு ஆள் வர மாட்டாங்க.
கூட்ஸ் போய்த் திறந்ததும்
நூத்தியெட்டு ரெண்டு, ஷேர் ஆட்டோ ஒண்ணு,
காசிமேட்டு மீன் வண்டியில கை கிழிஞ்ச ஒருத்தர்,
மொத்தமா வந்து நிப்பாங்க."

பேனாவை மூடினார்.
மறுபடி திறந்தார்.
"கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்க, சிஸ்டர்?"

நாலு ராத்திரி கேட் கீப்பரோடு உட்கார்ந்துவிட்டு
கொசுக்கடித் தடத்தோடு வந்தார்.

நாலாவது நர்ஸுக்கான ஃபைல்
இன்னும் ஏதோ மேஜையில்.
டியூட்டி சார்ட்டில் மட்டும் ஒரு வரி கூடியிருக்கிறது:
மூன்று நாற்பது, இருவர், கை காலியாக.

மணலி வாடை ஜன்னலில் நிற்கிறது.
ரவுண்ட்ஸ் வந்த புது மேடம் கேட்கிறார்:
"ஏன் ரெண்டு பேரும் உக்காந்திருக்கீங்க?"

"வேலை பாக்குறோம் மேடம்."

சபூரா டீயைப் பாதி குடித்து மூடி வைக்கிறாள்.
தூரத்தில் கூட்ஸ் ஹார்ன்.
கிளவுஸ் எடுக்கிறேன்.