ஐந்தாவது மூடி

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
லாரியும் ஏறிவரும் சாய்தளத்தின் முடிவில்
என் பட்டறை.
ஜுரைமியின் வேன்
வழியெல்லாம் சொட்டிக்கொண்டே ஏறி வந்தது.

ரேடியேட்டர் இல்லை. ஹோஸ் இல்லை.
வாட்டர் பம்ப் மேலும் பழிபோட முடியவில்லை.
என்ஜின் கட்டையின் விலாவில்
ஐம்பது காசு அகலத்தில் ஒரு மூடி,
சளிப்பிடித்த மூக்குபோல் ஒழுகியது.

ஃபிரீஸ் பிளக் என்றேன்.
சிரித்துவிட்டான்.
"இந்த ஊரில் மீன்கடை ஐஸைத் தவிர
எது பாஸ் உறையும்?"

பெயர்தான் அப்படி.
வார்ப்படத்தின் வயிற்றில் அடைத்த மணல்
வேலை முடிந்து வெளியேறிய வாசல் அது.
மணல் போனபின் அடைக்க
ஒரு தகரக் கிண்ணி.
குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்து வீங்கினால்
இது பிதுங்கி விழுமாம்,
சிலசமயம் கட்டை பிழைக்குமாம்.
நான் பார்த்ததில்லை. பனியையும்தான்.
இங்கே இதைத் தின்பது துரு.
கூலண்ட் விலைக்குப் பயந்து
யாரோ வருடக்கணக்கில் ஊற்றிய
பச்சைத் தண்ணீர்.

"யாரோ" என்று நான் சொன்னபோது
ஜுரைமி தன் செருப்பைப் பார்த்தான்.

சிஓஇ முடிய ஏழு மாதம்.
ஒழுகுவதை மட்டும் மாற்று என்றான்.
நியாயம்தான்.
நசுக்கப்போகிற வண்டிக்கு
யார் பல் கட்டுவார்கள்?

விளிம்பில் பஞ்சை வைத்து ஒரு தட்டு.
கிண்ணி திரும்பிப் படுத்தது.
கொறடால் பிடித்து இழுத்தேன்.
தேநீர் நிறத்தில் சேறு
முழங்கைவரை இறங்கியது.

சும்மா இருந்திருக்கலாம்.
பக்கத்து மூடியையும் தட்டிப் பார்த்தேன்.
நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது பஞ்சு.
மூடி உள்ளே விழுந்துவிட்டது.
காந்தக் குச்சியை விட்டுத் துழாவினேன்.
நல்லவேளை, இரும்பு.
பித்தளையென்றால் காந்தத்துக்கு அது யாரோ எவரோ.

எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து
மூன்று டெலிவரியை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டான் ஜுரைமி.

துளையை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து
பசை தடவி
புதிய பித்தளைக் கிண்ணியை வைத்து
பொருந்துகிற சாக்கெட்டைக் கொடுத்து அடித்தேன்.
டொக், டொக் என்கிற சத்தம்
டங் என்று மாறும்.
அங்கே நிறுத்த வேண்டும்.
இன்னும் ஒன்று ஆசைப்பட்டால் வளைந்துவிடும்.
இப்படி நான்கு.

ஐந்தாவது கியர்பாக்ஸுக்குப் பின்னால்.
இறக்க அரைநாள். முந்நூறு வெள்ளி.
சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தேன்.
அவன் வண்டிக்கடியில் நகர்ந்து
இடுக்கில் விரலை நுழைத்துத் தடவினான்,
நெடுநேரம்.
"கொப்புளம்போல இருக்கு பாஸ்."
ம்.
"இறக்கிடு.
ஏழு மாசமும் நான்தானே இதில் போகணும்."

கியர்பாக்ஸின் ஒரு பக்கத்தை அவன் தாங்கினான்.
கூலியில் நூறு குறைத்தேன்.
இரண்டையும் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கழற்றியதை மாட்டுமுன்
கூலண்ட் நிரப்பி, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி
குந்தி உட்கார்ந்தோம், டார்ச்சுடன்.
வெளியே மழை பிடித்தது. கடிகார முள் அசையவில்லை.
ஐந்தும் காய்ந்தே இருந்தன.
இருபதாவது நிமிடம்
கீழே விரித்த அட்டையில்
ஒரு சொட்டு.

இருவரும் உறைந்தோம்.

அட்டையருகே டார்ச்சைக் கொண்டுபோனான் அவன்.
பச்சை இல்லை.
எந்த நிறமும் இல்லை.
என் மூக்கு நுனியைப்
புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.