மிகுதி ஐந்து கதிரை

மல்லாவி விளையாட்டு விழாவின்
கணக்கறிக்கை திரும்பி வந்திருக்கிறது.
சிவப்புப் பேனையால் வட்டம்:
வாடகைக் கதிரை நூற்றிருபது,
வந்தவர்களும் நூற்றிருபது,
அதில் ஐந்துபேர் சில்லுக் கதிரையில்.
அப்ப மிகுதி ஐந்து?

கொழும்பில் இருக்கிற ஐயா,
நீங்கள் காசு தந்த சரிவுப்பாதைக்குச்
சீமெந்து மூன்று பை கூடப் போனது.
அதைக் கேளுங்கள், சொல்கிறேன்.
பரிமளகாந்தி அக்கா
தானே உருட்டி மேடைக்கு ஏறினா,
ஒருத்தரும் தூக்கவில்லை.

கதிரையா?
வாசலில் நின்று பறை அடித்த
வைரவன் ஆக்களைப் பார்த்து
மேடையிலிருந்தே
"இருங்கோவன்" என்றா.
அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
நான் சங்கத் தலைவரைப் பார்த்தேன்.
அவர் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

பிறகு இருந்தார்கள்,
நுனியில்.

உங்கள் படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
'இதர' என்று போடவா?