மூன்றாவது உதை

மோட்டோர் வந்து நிற்கும்.
பிறகு ஸ்டாண்டு.
ஒரே உதையில் இறங்கினால், அப்பா.
இரண்டென்றால்
சோற்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.
மூன்றாவது உதையும் தவறி
இரும்பு சிமெண்டில் கிறீச்சிட்டால்
தம்பியைத் தூக்கிக்கொண்டு
ஆ லான் வீட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போய்விடுவேன்.
அம்மா வரமாட்டாள்.
அடுப்பை அணைத்துவிட்டு
கண்ணாடி டம்ளர்களை மட்டும் உயரே எடுத்து வைப்பாள்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில்
சடையன் என்றால் கை சுத்தம் என்பார்கள்.
முப்பது டன் கண்டெய்னரை
கப்பல் தளத்தில் முட்டை போல வைப்பாராம்.

அவர் போன பிறகு
மோட்டோரை வாங்க வந்தவன்
ஸ்டாண்டு வளைந்திருக்கிறது என்று
ஐம்பது வெள்ளி குறைத்தான்.
எத்தனை இரவு அது வெறும்
வளைந்த ஸ்டாண்டாக இருந்திருக்கும் என்று
நான் கணக்குப் போடவில்லை.

தொடவே மாட்டேன் என்று
எட்டு வயதில் சாமிப் படத்திடம் சொன்னவள்தான்.
முப்பத்திரண்டில்
பாயான் லெப்பாஸில் நைட் ஷிப்ட் முடிந்து
தூக்கம் வரட்டும் என்று ஒரு டின்.
பிறகு, தூக்கம் வந்தாலும் ஒரு டின்.
பிறகு
தீபாவளிச் சேலைகளுக்கு நடுவே தட்டையாய் ஒரு போத்தல்.
நான் கத்தவில்லை. எதையும் உடைக்கவில்லை.
அதனால் இது வேறு என்று நினைத்தேன்.

கிளீன் ரூமில் வேலை.
வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரியும்.
ஆல்கஹால் நனைத்த துணியால்
மேசையை ஒரே திசையில் துடைக்கவேண்டும்.
விட்ட முதல் வாரம்
முகமூடிக்குள் அந்த வாடை வந்து
உட்கார்ந்துகொண்டது.
அது குடிக்கிற சரக்கில்லை என்று
எனக்குத் தெரியும்.
நாக்குக்குத் தெரியவில்லை.
சூப்பர்வைசர் ரொஸ்னாவிடம்
சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி
பேக்கிங் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை இரவு
பூலாவ் டிக்குஸ் சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறை.
பிளாஸ்டிக் நாற்காலிகள்,
யாரும் தொடாத பிஸ்கட்.
மீன் லாரி ஓட்டும் அங்கிள் ஒருவர்
ஹொக்கியனில் பேசி, பாதியில் நிறுத்தி,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
ஒரு வார்த்தை புரியவில்லை.
எல்லாம் கேட்டது.
என் முறை வந்தபோது மலாயில் சொன்னேன்.
தமிழில் சொல்லியிருந்தால்
அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

ஏழு மாதம் ஆகிறது.
ஜெலுத்தோங் ஃபிளாட்டில்
லிப்ட் இன்றைக்கும் பழுது.
ஒன்பது மாடி ஏறி
கிரில் பூட்டில் சாவியை ஒரே குத்தில் நுழைத்தேன்,
சத்தமாக,
உள்ளே கேட்கட்டும் என்று.

லோஷினி நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
ஆனால் பென்சில் நின்றிருந்தது.

"சாவியையா எண்ணிக்கிட்டிருக்க?"

"இல்லம்மா.
சாவி நீ எப்பவும் சரியாத்தான் போடுவ.
செருப்பு.
நல்லா இருந்தா
ரெண்டும் அடுத்தடுத்து விழும்.
இல்லாட்டி
ரெண்டாவது ரொம்ப நேரம் விழாது."

குனிந்து பார்த்தேன்.
ஒன்று கால்மிதியில் கிடந்தது.
மற்றது இன்னும் என் காலில்.
பென்சில் எழுதத் தொடங்கவில்லை.